ஜவ்பருக்குப் போட்ட கதிரை

அந்தப் பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று பேசிய ஒரே ஆம்பிளை ஜவ்பர்தான். அதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு வந்திருந்த ஒரே ஆம்பிளையும் அவர்தான்.

அவருக்கும் அங்கே என்ன வேலை? பாலாவிச் சந்தியில் மரக்கறி மொத்தக் கடை வைத்திருப்பவர். கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத்தையும் மிளகாயையும் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டு, தானுண்டு தன் தராசுண்டு என்று இருந்தவர். அன்று காலையில் மனைவி பஸீனா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எனக்குத் தல வெடிக்குது. இண்டைக்கு ஸ்கூலுக்கு நீங்க போங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். போனார்.

ஐந்தாம் ஆண்டு ரீச்சர் கேட்டது சின்னக் கேள்வி. "புள்ளைகள் கொப்பியில எழுதக் குடுக்கிற வீட்டு வேலைய செஞ்சிட்டு வாறதே இல்ல. வீட்டுல ஆரு பாக்கிற?" உம்மாமார் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஜவ்பர் உம்மாமாரைப் பார்த்தார். ஒரு மண்டபம் நிறையப் பெண்கள், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு. இப்படி ஒரு வாய்ப்பு அவருக்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்து கிடைத்ததில்லை. எழும்பிவிட்டார்.

"உம்மாமார் பாவம், சமைக்கிறதா, உடுப்புக் கழுவுறதா, கொப்பி பாக்கிறதா? புள்ளைட வீட்டு வேலை வாப்பாமாருட பொறுப்பு! இண்டையில இருந்து என்ட மகள்ட வீட்டு வேலைய நானே பக்கத்துல இருந்து பாக்கப்போறன்!"

கைதட்டல். யாரோ ஒரு மனுசி கண்ணைக்கூடத் துடைத்தாள். "இப்புடி ஒரு வாப்பா எல்லாப் புள்ளைக்கும் கிடைக்கணும்" என்றார் ரீச்சர். ஜவ்பர் மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது தில்லையடி ரோட்டில் இருந்த குழி ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால், அவருடைய பேச்சு அவருக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு றஹ்மா கூட்டத்திலிருந்து நேரே வேலிக்கு வந்து ஒப்புவித்துவிட்டுப் போயிருக்கிறாள். பஸீனாவின் தலையில் துணியும் இல்லை, தலையிடியும் இல்லை. மகள் அக்கீலாவின் மேசைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கதிரை இருந்தது.

"இது ஆருக்கு?"

"ஒங்களுக்குத்தான். மஹ்ரிப் தொழுதுட்டு வந்து இருங்க."

"மஹ்ரிபுக்குப் பொறகா?"

"ஓம். புள்ள அப்பதானே கொப்பி எடுக்கிற. இஷா வரைக்கும் இருந்தாப் போதும்."

அப்போதுதான் ஜவ்பருக்கு நெஞ்சுக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. மஹ்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் காய் சுண்டுகிற கரம் போட்டின் நேரம். தாஹிரின் தேத்தண்ணிக் கடையின் பின்னறையில், மஞ்சள் பல்பின் கீழே, பவுடர் தூவிய பலகைக்கு முன்னால் மட்டும்தான் ஜவ்பரை யாரும் "நீங்க சும்மா இருங்க" என்று சொல்வதில்லை. அதுவும் இப்போது, மதுரங்குளிச் சோடியோடு இறுதிப் போட்டி வரப்போகிற நேரத்தில்! போன வருஷம் அந்தப் போட்டியில் கடைசிக் காயை, குருடன்கூடப் போடக்கூடிய காயை, ஜவ்பர் தவறவிட்டார். அதன் பிறகு தில்லையடியில் பாண் வாங்கப் போனாலும், "காயப் பாத்து எடுங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சிரிக்கிறார்கள். அந்த மானத்தை மீட்க ஒரு வருஷமாக விரலைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் மனுசன். மூன்று மாலை தொடர்ந்து வராதவன் இடத்துக்கு வேறு ஆளைப் போடுவேன் என்று தாஹிர் சொல்லியும் வைத்திருக்கிறான்.

முதல் நாள் இருந்தார். வேறு வழி? சொன்ன வாய் அவருடையது.

"வாப்பா, ஒரு வியாபாரி அம்பது கிலோ வெங்காயத்த அஞ்சு பேருக்குச் சமனாப் பிரிச்சா ஒராளுக்கு எவ்வளவு?"

வெங்காயமா! ஜவ்பரின் முகம் மலர்ந்தது. "ஒம்பதரை" என்றார், யோசிக்காமலே.

"பத்து வாப்பா."

"ஆரு சொன்ன? சாக்குட பாரத்த ஒங்கட ரீச்சரா கழிக்கிற? அழுகலுக்கு ஆரு கழிக்கிற? ஒம்பதரை எண்டு எழுது."

"புத்தகத்துல அழுகல் எண்டு இல்ல வாப்பா."

"புத்தகம் எழுதினவன் வெங்காயம் வித்திருக்கானா?"

மறுநாள் கொப்பியில் ஒரு பெரிய சிவப்புப் பிழை வந்தது. பக்கத்தில், 'பெற்றோர் உதவ வேண்டாம்' என்று ரீச்சர் எழுதியிருந்தார். அதே ரீச்சர்தான். ஜவ்பர் அதை வாசித்துவிட்டு மனசுக்குள் துள்ளினார். அவமானமாவது ஒன்றாவது, விடுதலை வந்துவிட்டதல்லவா!

"பாத்தியா பஸீனா? இது படிச்ச ஆக்கள்ட வேல. ஒரு ஆளப் பிடிச்சு விட்டிருவம்."

பஸீனா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "சந்திரவதனா ரீச்சர் இருக்கிறாவே, யாழ்ப்பாணத்து ரீச்சர். ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான். நீங்க கொண்டுபோய் விட்டுட்டு, முடியிற வரைக்கும் கேற்றடியில நிண்டு கூட்டிட்டு வாங்க."

கேற்றடியில் நிற்பதா? கதிரையிலாவது குந்தலாம். "வேணாம் வேணாம். பொம்புளப் புள்ளைய இருட்டுல அலைக்கழிக்கிறதா? வீட்டுக்கே வாற மாஸ்டர்தான் சரி."

"வீட்டுக்கு ஆரு வருவா? பின் ஒழுங்கை றஜனி அக்காட மகன் கீதன் ஏ.எல். எடுத்துட்டு, கெம்பஸுக்குக் கூப்புடுற வரைக்கும் சும்மாதான் இருக்கானாம்." கத்தி நின்றது. "சே, அது ஆம்புளப் பொடியன். ஒங்களுக்குச் சரிவராது."

"எனக்கு ஏன் சரிவராது?"

"ஒங்களுக்குத்தான் தெரியும்."

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனுசன் கொஞ்சம் நின்று, எனக்கு என்ன தெரியும் என்று யோசித்திருப்பான். ஜவ்பர் யோசிக்கவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் சிவப்புக் காய் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் றஜனியின் வீட்டுக்கு ஓடினார். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து புத்தளத்தோடு ஒட்டிக்கொண்ட குடும்பம் அது. கீதன் மெலிந்த, அமைதியான பொடியன். ஜவ்பர் விஷயத்தைப் பாதி சொல்லும்போதே, "ஓம் நானா, நாளைக்கே வாறன்" என்றான். இவ்வளவு சுகமாக ஒரு காரியம் தன் வாழ்க்கையில் முடிந்ததில்லையே என்று ஜவ்பர் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்.

மறுநாள் மஹ்ரிப் முடிந்தது. கீதன் வந்தான். அக்கீலா கொப்பியை விரித்தாள். ஜவ்பர் இஸ்திரி போட்ட சட்டை, கொஞ்சம் அத்தர், கையில் மோட்டார் சைக்கிள் சாவி என்று படியில் காலை வைத்தார். அதே படிக்குப் பஸீனாவும் வந்தாள். கறுப்பு அபாயா, தோளில் பை.

"நீ எங்க போற?"

"நீங்க எங்க போறீங்க?"

"நான்... சும்மா, தாஹிர்ட கடைக்கு."

"எப்புடிப் போவீங்க? வீட்டுக்குள்ள வேற ஆம்புள இருக்கிறான்."

"அது கீதன் தானே."

"கீதன் ஆம்புள இல்லையா?"

ஜவ்பர் படியிலிருந்து காலை எடுத்தார். வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். மார்க்கத்தில் இருப்பது கொஞ்சம் என்றால், ஜவ்பர் தன் வசதிக்குச் சேர்த்தது அதிகம். போன வருஷம் பிரிஜ் திருத்த வந்த பொடியனை, தான் கடையிலிருந்து வரும் வரைக்கும் ரோட்டில் வெயிலில் நிறுத்தி வைத்தவர். அதற்குள் பிரிஜில் இருந்த மீன் கெட்டு ஒழுங்கையே மணத்தது வேறு கதை. அன்றைக்கு முற்றத்தில் நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, "வேற ஆம்புள வந்தா வீட்டு ஆம்புள பக்கத்துல இருக்கணும்! இதுதான் இந்த வீட்டுச் சட்டம்!" என்று முழங்கியவர்.

பிரிஜோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதே வருஷம்தான் ஊரில் ஒரு இளம் மாஸ்டர், ஓ.எல். கணக்குத் தப்பிய பெண்களுக்கு வகுப்பு ஒன்று தொடங்கினார். பஸீனாவுக்கு அது உயிர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்திறங்கிய அவளுக்கு எட்டு வயது. ஓலைக் கொட்டிலில், மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு படித்தவள். மற்ற எல்லாப் பாடமும் பாஸ், கணக்கு மட்டும் தப்பிவிட்டது. அது ஒன்று கிடைத்தால் பள்ளிவாசலடி முன்பள்ளியில் ரீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்டாள். ஜவ்பர் சட்டத்தை எடுத்து வீசினார். "வீட்டு ஆம்புள பக்கத்துல இல்லாம வேற ஆம்புளக்கிட்டப் பாடம் படிக்கிறதா?"

"அப்ப நீங்களும் வந்து பக்கத்துல இருங்க" என்றாள் அவள்.

"எனக்கு வேல இருக்கு" என்றார் இவர். என்ன வேலை என்று தாஹிரின் கரம் போட்டுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பஸீனா அழுதாள். குசினிக்குள் போய், சத்தம் வராமல், வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதாள். வெங்காயத்தால்தான் என்று ஜவ்பர் நினைத்துக்கொண்டார். அவருக்கு அப்படி நினைப்பதுதான் லேசாக இருந்தது.

இப்போது அதே சட்டம் அபாயா போட்டுக்கொண்டு படியில் நின்றது.

"நான் சந்திரவதனா ரீச்சர் வீட்டுக்குப் போறன். பொம்புளையளுக்குக் கணக்கு வகுப்பு வைக்கிறா. ரீச்சர் பொம்புள, படிக்கிறதும் பொம்புளையள். ஒங்கட சட்டத்துல இடம் இருக்குத்தானே?"

"இருக்கு, ஆனா..."

"வீட்டுல பொம்புளப் புள்ளையும் வேற ஆம்புளையும் தனிய. ஆரு இருக்கணும்?"

"வீட்டு ஆம்புள" என்றார் ஜவ்பர், பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல.

"கதிரை போட்டுத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸீனா படியிறங்கினாள். வேலியில் றஹ்மாவும் பையோடு தயாராக நின்றாள்.

அன்றிலிருந்து ஜவ்பருடைய மாலைகள் அந்தக் கதிரையில் கழிந்தன. வெறும் கதிரை, கையும் இல்லாத கதிரை. முன்பாவது பிள்ளைக்குப் பிழையாகச் சொல்லிக்கொடுக்கிற வேலை இருந்தது. இப்போது அதுவும் கீதனிடம் போய்விட்டது. கீதன் நல்லாகத்தான் படிப்பித்தான், அதையும் சொல்லவேண்டும். ஐம்பது கிலோவை ஐந்து பேருக்குப் பிரித்தால் அவனிடம் பத்து வந்தது. அழுகலைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. ஜவ்பர் பொறுக்கமுடியாமல் மேசை விளிம்பில் அழிறப்பரை வைத்து, நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது நேரே போய்க் கீதனின் கண்ணாடியில் பட்டது.

"நானா, பிள்ளைக்குக் கவனம் சிதறுது."

"வாப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கீலா.

போனில் தாஹிர் வந்தான். "டேய் ஜவ்பர், நீ வாறியா, இல்ல வேற ஆளப் போடவா?"

"பொறு மச்சான். கொஞ்சம் பொறு. இறுதிப் போட்டிக்கு நான் வருவன், சத்தியமா வருவன்."

"வீட்டுல அப்புடி என்னடா வேல?"

கதிரையில் இருக்கிற வேலை என்று எந்த ஆம்பிளை சொல்லுவான்? "ஒரு முக்கியமான விஷயமா இருக்கிறன்" என்றார். இருக்கிறன் என்றது உண்மைதான்.

போட்டி நெருங்க நெருங்க ஜவ்பரின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அந்த மூளை வேலை செய்தால் அவருக்குத்தான் ஆபத்து என்று அதுவரைக்கும் நடந்தவை போதிய அளவு காட்டியிருந்தன. ஆனாலும் விடவில்லை. சட்டம் என்ன? வேற ஆம்பிளை வந்தால் வீட்டு ஆம்பிளை இருக்கணும். வேற ஆம்பிளையே வராவிட்டால்? கதிரையில் ஏன் இருக்கவேண்டும்? இவ்வளவு எளிய விஷயம் இத்தனை நாளாக எட்டவில்லையே என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். போட்டிக்கு முதல் நாள், பாடம் முடிந்து போன கீதனை ஒழுங்கை முடக்கில் பிடித்தார்.

"தம்பி, நாளைக்கு ஒனக்கு லீவு."

கீதனின் முகத்தில் ஒரு வெளிச்சம் அடித்தது. "உண்மையாவோ நானா? நாளைக்கோ?"

"ஓம். புள்ளைக்கும் ஓய்வு வேணும்தானே. நீயும் எங்கயாவது போய்ச் சந்தோஷமா இரு. பஸீனா அக்காக்கிட்டச் சொல்லவேணாம்."

"பெரிய உபகாரம் நானா!" என்று பொடியன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஒரு நாள் லீவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று ஜவ்பர் கொஞ்சம் வியந்தார். அதற்கு மேல் வியக்கவில்லை.

மறுநாள் மாலை. பஸீனா பையை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தாள். ஜவ்பரும் வந்தார், போன வருஷத்துத் தோல்விச் சட்டையை ராசியில்லை என்று விட்டுவிட்டுப் புதுச் சட்டை.

"கீதன் வரல்லயா?"

"இல்ல. இண்டைக்கு வரமாட்டானாம். வேற ஆம்புள இல்ல, சட்டமும் இல்ல. நீ வகுப்ப நாளைக்குப் பாரு, புள்ளையோட இரு, நான் மதுரங்குளிக்குப் போயிட்டு..."

"நல்லம்" என்றாள் பஸீனா. ஜவ்பருக்குக் காதை நம்ப முடியவில்லை. "கீதன் இல்லாட்டி இன்னும் நல்லம். அக்கீலாட வீட்டு வேலைய நீங்களே பாக்கலாம். அவன் வந்ததால ஒங்கட பொறுப்ப நீங்க செய்யேலாமப் போச்சு எண்டு எனக்கும் மனவருத்தமாத்தான் இருந்த."

"என்ன பொறுப்பு?"

"வாப்பாமாருட பொறுப்பு. ஸ்கூல்ல சொன்னீங்களே."

"ரீச்சர்தான் வேணாமெண்டு எழுதிட்டாவே!"

"ரீச்சர நான் சந்திச்சுக் கதைச்சிட்டன். பக்கத்துல இருக்கட்டுமாம், வாயத் திறக்காட்டிப் போதுமாம்." பஸீனா வேலிப்பக்கம் திரும்பினாள். "றஹ்மா, அண்டைக்குக் கூட்டத்துல இவர் என்னடி சொன்ன?"

றஹ்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஜவ்பரின் குரலிலேயே, கையைத் தூக்கிச் சொன்னாள். "இண்டையில இருந்து என்ட மகள்ட வீட்டு வேலைய நானே பக்கத்துல இருந்து பாக்கப்போறன்!"

இரண்டு பேரும் போய்விட்டார்கள். மாஸ்டர் வந்தால் ஜவ்பர் காவலுக்கு, மாஸ்டர் வராவிட்டால் அவரே மாஸ்டர். எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தக் கதிரைதான். ஜவ்பர் புதுச் சட்டையோடு போய் உட்கார்ந்தார். செவ்வரத்தம் பூ ஒன்றின் படம் கீறி, பகுதிகளைப் பெயரிடச் சொல்லியிருந்தது. அக்கீலா கீறினாள். ஜவ்பர் வாயைத் திறக்கவில்லை. அவர் மனசு மதுரங்குளியில் இருந்தது.

இஷாவுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. தாஹிர் கத்தினான். பின்னால் ஊரே கத்தியது.

"வெண்டுட்டம்டா! கப் நமக்கு!"

"நான் இல்லாம எப்புடிடா? ஆரு வெளையாடின?"

"வேற ஆரு, நீ அனுப்பின பொடியன்தான்!"

"நான் ஆர அனுப்பின?"

"கீதன! அவன் கரத்துல கெட்டிக்காரன் தானே, நீ வரமாட்ட எண்டு தெரிஞ்ச நாள்ல இருந்து அவனக் கேட்டுக்கிட்டிருந்தன். பாடம் இருக்கு, நானாட புள்ளைய விட்டுட்டு வரமாட்டன் எண்டுட்டான். நேத்து வந்து சொல்றான், நானாவே லீவு தந்துட்டார், சந்தோஷமா இரு எண்டார் எண்டு. ஒனக்குப் பெரிய மனசு மச்சான்! கடைசிக் காய் எப்புடிப் போட்டான் தெரியுமா?"

ஜவ்பருக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. போனை வைத்தார். ஒரு வருஷம் தீட்டிய விரல், கதிரையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு கிடந்தது.

அடுத்த நாள் கீதன் கப்போடு வந்தான். நல்ல பொடியன், அதை ஜவ்பருக்கு முன்னாலேயே மேசையில் வைத்தான். "உங்களாலதான் நானா" என்றான். அதைவிட அவன் ஒரு அறை அறைந்திருக்கலாம்.

ஜவ்பர் பேச்சை மாற்றப் பார்த்தார். "அது கிடக்கட்டும் தம்பி. அண்டைக்கு நான் கேட்டதும் ஒடன ஓமெண்டு வந்தியே, நல்ல மனசு ஒனக்கு."

"அக்கா எப்பவோ வந்து சொல்லிட்டா தானே நானா. நீங்க வந்து கேப்பீங்கள் எண்டு."

"எப்ப?"

"அது... பள்ளிக்கூடத்தில கூட்டம் நடக்கிறதுக்கு முதலே."

ஜவ்பர் மெதுவாகத் திரும்பிப் பஸீனாவைப் பார்த்தார். சந்திரவதனா ரீச்சர் சிலாபத்துக்குப் போயிருந்ததால் அன்று அவளுக்கு வகுப்பு இல்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அண்டைக்கு ஒனக்குத் தலையிடி?"

"சுகமாயிட்டு" என்றாள் பஸீனா.

அவருக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. என்ன சொல்லிக் கத்துவது? பேச்சு அவருடையது, சட்டம் அவருடையது, மாஸ்டரைத் தேடி ஓடிய கால் அவருடையது, லீவும் அவரே கொடுத்தது. பஸீனா செய்ததெல்லாம் ஒரு கதிரையைத் தூக்கி வைத்தது மட்டும்தான்.

இப்போது அவள் இன்னொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் போட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து கணக்குக் கொப்பியை எடுத்துக் கீதனுக்கு முன்னால் விரித்தாள்.

"தம்பி, இந்தக் கணக்கு எனக்கு விளங்கவே இல்ல. கொஞ்சம் சொல்லித் தாங்க."

ஜவ்பர் துள்ளி எழும்பினார். "ஏய், நில்லு! வேற ஆம்புளக்கிட்ட நீ எப்புடிப் பாடம் படிக்கிற?"

அக்கீலா கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அதுக்குத்தானே வாப்பா நீங்க இருக்கிறீங்க."